ஈயக்குண்டு நாற்பது கிராம்

பெட்டியில் இருந்தது
அட்டைக் குழாய் இரண்டு, ஒட்டுப்பலகை இறக்கை நான்கு,
ஒரு பிளாஸ்டிக் மூக்கு.
இல்லாமல் போனது
ஏவுகம்பியில் கோக்கும் சின்னக் குழல்.
தீர்ந்துபோன பேனாவை அறுத்து
விலாவில் ஒட்டினேன்.
அதன் விலை ஐந்து ரூபாய் என்பதை
இப்போதும் படிக்கலாம்.

சிப்காட்டில் எனக்கு இரவு ஷிப்ட்.
பகலெல்லாம் எபாக்சி.
ஐந்து நிமிடத்தில் இறுகுவதை வாங்காதே என்றாள் ஜெசிந்தா,
அவசரத்தில் பிடிப்பது அனலில் விட்டுவிடும்.
சில்வர் பீச்சில் தின்ற ஐஸின் குச்சியால்
இறக்கையடிச் சந்துகளை வழித்தோம்.
வீடே நாறியது.
கம்பெனிக்காரன் திரும்பவும் திறந்துவிட்டுட்டான் என்று
கீழ்வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.
நான் மறுக்கவில்லை.

மொட்டைமாடியில் அதன் இடுப்பில் கயிறு கட்டி
தலைக்கு மேல் சுழற்றினோம்.
தொழுவம் பிடிக்காத எருமை மாதிரி
பின்பக்கமாகவே போனது.
மூக்கில் கனம் போதவில்லை.

முதுநகர், வலைக்கடை.
"எந்த வலைக்கு?" என்றார் இஸ்மாயில் மரைக்காயர்.
வலைக்கு இல்லை.
"தூண்டிலுக்கா?"
மேலே போவதற்கு என்றேன்.
ஈயம் அள்ளிய கை தராசுக்கு மேல் நின்றது.
"இது முங்குறதுக்குன்னு செஞ்சதும்மா."
நாற்பது கிராம் கேட்டதற்கு
நாற்பத்திரண்டாய் நிறுத்துக் கொடுத்தார்.

மோட்டார் வந்துசேர ஏழு மாதம்.
மனுவை எஸ்.ஐ. இரண்டு முறை படித்தார்.
"தீபாவளிக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கே?"
ஆயிரம் அடி போகும் சார்.
"கூட யாரு?"
ஜெசிந்தா.
"ஆம்பளைங்க?"
மோட்டாருக்கு அது தேவைப்படாது என்றேன்.
முத்திரை குத்தும்போது அவர் சிரித்தாரா
என்று தெரியவில்லை. மீசை பெரிது.

வைகாசி. வெடித்துக் கிடந்தது பெருமாள் ஏரி.
கடற்காற்று எழும்புவதற்குள் முடிக்க வேண்டும்.
பாராசூட்டுக்கு முகப்பவுடர் பூசி மடித்தாள் ஜெசிந்தா,
பெண்பார்க்க வருகிறார்கள் என்பது போல.
ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று.

ஒன்றும் இல்லை.

ஒரு நிமிடம் கிட்டே போகக் கூடாது.
அந்த ஒரு நிமிடத்தில் இருபது ஆடுகளும்
அவற்றை மேய்த்த பையனும் வந்துவிட்டார்கள்.
"புஸ்வாணமாக்கா?"
திரி நழுவியிருந்தது. செருகி,
டேப்பைப் பல்லால் கிழித்து ஒட்டி,
பையனையும் ஆடுகளையும் முப்பது அடி தள்ளி நிறுத்தி
மறுபடி எண்ணினோம்.

பொத்தானைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன்.
அதுதான் தப்பு.
புதுத் துணியை ஒரே இழுப்பில் கிழித்த சத்தம்.
நிமிர்ந்தபோது கம்பியில் புகை மட்டும்.
நாற்பத்தேழு பகல் ஒட்டியது
கிளம்பிப் போனதை நான் பார்க்கவில்லை.

ஜெசிந்தாவைப் பார்த்தேன்.
முதலில் அவள் தாடை உயர்ந்தது,
பிறகு தொண்டை முழுதும் தெரிந்தது,
கழுத்துச் சங்கிலியின் சிலுவை
பின்னுக்குச் சரிந்து தோளில் விழுந்தது.
அவ்வளவு உயரம் போயிருக்கிறது.
அங்கே நின்றது ஒரு கணம். அவள் மூச்சு விடவில்லை.
எங்கோ ஒரு சின்ன டப்.
அவள் வாயெல்லாம் பல்.
"பாத்தியா?"
பார்த்தேன் என்றேன்.

ஆரஞ்சுத் துணி ஆடி ஆடி இறங்கி
சீமைக்கருவேலத்தில் சிக்கியது.
முள்ளை நீக்கிப் பையன் எடுத்துக்கொடுத்தான்.
ஓர் இறக்கையில் விரிசல்.
வாய்ப்பாட்டுப் புத்தகம் போல
மூக்கைக் காதோரம் வைத்துக் குலுக்கினான்.
"உள்ள என்னமோ ஓடுதுக்கா."
ஈயம்டா.
"ஈயமா பறந்துச்சு?"

நாற்பதும் எபாக்சியில் இறுகிக் கிடக்கின்றன.
ஓடுவது அந்த இரண்டு கிராம்.